மட்டிச் சட்டியும் மண்டபத்துப் பதிவேடும்

ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தில் தொடங்குவார்கள். பாம்பன் பாலத்தைத் தொட்டு, 1964 புயலில் போன தனுஷ்கோடியில் முடிப்பார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். இன்று எடுத்துக்கொள்வது மட்டி. சேற்றிலும் மணலிலும் காலால் தடவி, குனிந்து கையால் எடுக்கிற அந்தச் சாதாரண மட்டி. அதில் சில காலங்களில் ஏறுகிற விஷத்தை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், நம் கரைக்கும் அந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்பது பலருக்குத் தெரியாத ஒரு சின்ன வரலாறு. தெரிந்துகொண்டால் ஓர் உயிராவது பிழைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

என் மனைவி பிறந்த ஊர் மண்டபம் பக்கம். அந்தக் கரையில் சோற்றுக்குத் துணை முதலில் மீன்தான். அதற்கடுத்து நண்டு, கணவாய். சங்கு குளிப்பவர்கள் வீட்டில் சங்குச் சதை. மட்டியும் சிப்பியும் எப்போதாவது, கடல் வற்றும் நேரத்தில் கைக்குக் கிடைத்தால். ஒருமுறை பேச்சுவாக்கில் மட்டி விஷத்தைப் பற்றி நான் சொல்லப் போக, என் கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். "அத்தான், நல்லாக் கொதிக்க வெச்சு, புளியும் மஞ்சளும் போட்டா எந்த வெசமும் முறிஞ்சு போயிரும்" என்றாள். அவள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்களுக்குச் சின்ன வயதிலேயே மனத்தில் பதிந்த பிரெஞ்சுப் பழமொழி ஒன்று உண்டு: பெயரில் 'எர்' என்ற எழுத்து வரும் மாதங்களில்தான் ஆளியும் சிப்பியும் சாப்பிட வேண்டும். செப்தாம்பர், ஒக்தோபர், நொவாம்பர், தெசாம்பர், ழான்வியே, ஃபெவ்ரியே, மார்ஸ், அவ்ரில் எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருக்கிறது. மே, ழுவான், ழுய்யே, ஊத் ஆகிய நான்கில் இல்லை. அந்த நான்கும் அவர்களுக்குக் கோடைக்காலம். கடலோரத்திலிருந்து பாரிஸ் போய்ச் சேருவதற்குள் வெயிலில் ஆளி அழுகிவிடும். முட்டையிடும் பருவம் என்பதால் சதையும் ருசிக்காது. அவர்கள் ஊருக்கு அது நியாயமான விதிதான். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கிற நம் ஊருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது கிருமி. மட்டி தண்ணீரை இழுத்து வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிற பிராணி. சாக்கடை கலந்த தண்ணீரானால் அந்தக் கிருமிகளையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொள்ளும். 1988-ன் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் அரைவேக்காட்டு மட்டியைச் சாப்பிட்டுச் சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. உலகத்தில் ஒரே உணவால் ஏற்பட்ட மிகப் பெரிய நோய்ப் பரவல்களில் அது ஒன்று. இந்த வகைக்கு என் கொழுந்தியாளின் வைத்தியம் பொருந்தும். நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும். வேகும்போது வாய் திறக்காத மட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் நல்ல விதியே. கெட்டுப்போனது சட்டியில் சேராது.

இரண்டாவது, கிருமியே இல்லாத விஷம். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சில பாசி இனங்கள் தமக்குள் நஞ்சை உண்டாக்குகின்றன. மட்டியும் சிப்பியும் அந்தப் பாசியைத் தின்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. நஞ்சு மட்டும் நாளுக்கு நாள் அவற்றின் சதையில் சேருகிறது. அந்த மட்டி உயிரோடு இருக்கும், புதிதாக இருக்கும், வேகும்போது வாயைத் திறக்கும், நாற்றமும் அடிக்காது, ருசியும் மாறாது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு அழியாது. கொஞ்சம் குழம்பில் இறங்கும், அவ்வளவுதான். குழம்பையும் நாம்தானே ஊற்றிக்கொள்கிறோம். புளிக்கும் மஞ்சளுக்கும் அதனிடம் வேலையில்லை.

இந்த நஞ்சு வரலாற்றில் தெளிவாகப் பதிவானது 1793-ல். ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 15-ம் தேதி அவருடைய ஆட்களில் சிலர் காலை உணவுக்குச் சிப்பி சுட்டுத் தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வாயும் விரல்களும் மரத்துப்போயின. வெந்நீர் குடித்து வாந்தி எடுத்தவர்கள் தேறினார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றே இறந்துபோனார். அவரைப் புதைத்த குடாவுக்குக் கார்ட்டர் குடா என்றும், சிப்பி எடுத்த இடத்துக்கு விஷக் குடா என்றும் வான்கூவர் பெயரிட்டார். கனடா நாட்டு வரைபடத்தில் அந்தப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பார்க்கும்போது எனக்கு இதில் பிடித்தது, தேதி, இடம், தின்றது, நடந்தது எல்லாவற்றையும் அவர் எழுதி வைத்தார் என்பதுதான்.

காரணம் தெரிய இன்னும் 140 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1927-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் சிப்பி தின்று 102 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். ஹெர்மன் சோமர், கார்ல் மேயர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே பிடித்துக்கொண்டு பத்து ஆண்டுகள் உழைத்தார்கள். கடல் நீரில் ஒரு குறிப்பிட்ட நுண்பாசி பெருகும்போதெல்லாம் சிப்பியில் விஷம் ஏறுகிறது, பாசி குறைந்தால் விஷமும் குறைகிறது என்று 1937-ல் வெளியிட்டார்கள். பிற்பாடு 1950-களில் அலாஸ்காவின் ஒரு வகை மட்டியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்து, அந்த மட்டியின் அறிவியல் பெயரிலிருந்தே அதற்குச் சாக்சிடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். சாதாரணச் சிப்பி சில வாரங்களில் நஞ்சைக் கழித்துவிடும். அந்த அலாஸ்கா மட்டியோ இரண்டு ஆண்டுகள் வரைகூட வைத்திருக்கும்.

இது ஏதோ குளிர் தேசத்துச் சமாச்சாரம் என்று நினைத்தால் அது தவறு. 1981-ல் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் 3 பேர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதைப் பற்றி அறிக்கை தயாரித்தது. கழிமுகங்களிலும் காயல்களிலும் ஏராளமாகக் கிடைக்கிற, ஏழைகள் காசில்லாமல் அள்ளிக்கொண்டு போகிற மட்டி இனம்தான் அது. இரண்டே ஆண்டில், 1983-ல், மங்களூர்ப் பக்கத்திலும் அதே இன மட்டியால் அதே மாதிரி நடந்தது. அங்குள்ள மீன்வளக் கல்லூரியைச் சேர்ந்த கருணாசாகர் தம்பதியர் அதை ஆராய்ந்து 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். செப்தாம்பர்! 'எர்' எழுத்து இருக்கிற மாதம். நாங்கள் படித்த பழமொழியை நம்பி அங்கே யாராவது சாப்பிட்டிருந்தால் அது அவரைக் காப்பாற்றியிருக்காது.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். மண்டபம் கேம்ப் என்று பெயர் வரக் காரணம், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தங்கவைத்த முகாம். அந்த ஊருக்கு 1949-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்து சேர்ந்தது. நிலையம் தொடங்கியது 1947-ல்; தலைமையிடம் கொச்சிக்கு மாறியது 1971-ல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல், இந்தியக் கடலைப் படிப்பவர்களுக்கு மண்டபமே தலைநகரம். அங்கே ஆராய்ச்சியாளர்கள் நாள்தோறும் செய்த வேலைகளில் ஒன்று மிக எளிமையானது. கடல் நீரை மெல்லிய வலையால் அரித்து, கிடைத்ததை நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன உயிர் இத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது.

அதற்கு முன்னும் இந்தக் கரையில் எழுதி வைத்தவர்கள் உண்டு. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்துறை ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. 1942-ல் பி. ஐ. சாக்கோ என்பவர், அந்தப் பக்கத்தில் கடல்வாழ் உயிர்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாகச் செத்ததைக் குறித்து எழுதினார். 1953-ல் மண்டபத்து ஆராய்ச்சியாளர் ஆர். ரகு பிரசாத், வடகடலான பாக் நீரிணைப் பகுதியில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதையும், அதனால் சூடை மீன்பாடு பாதிக்கப்பட்டதையும் கட்டுரையாக வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் கடலின் நிறம் எப்போது, ஏன் மாறுகிறது என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

அதே நாக்டிலூகா 2008 அக்டோபரில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் இடையே பெரிய அளவில் பெருகியது. கடல் பச்சையாயிற்று. நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. 2019 செப்டம்பரில் மறுபடியும் வந்தது. எங்கள் உறவினர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள். இரவில் அலை நீலமாக மின்னியதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. மீன் செத்து மிதக்கிறதே, சாப்பிடலாமா, கூடாதா என்று ஊர் முழுக்கக் கேள்வி. செத்து ஒதுங்கிய மீனை எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது என்பது தனி விஷயம். ஆனால் நாக்டிலூகா, நான் மேலே சொன்ன வாதம்போல உடலை முடக்கும் நஞ்சை உண்டாக்கும் இனம் அன்று.

இங்கேதான் சிக்கல். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் இரவில் கடல் மின்னுகிறதா என்று காவல் இருந்து பார்த்து, மின்னினால் சிப்பி எடுப்பதை நிறுத்துவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கடலில் அந்த அடையாளம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். பச்சையாக மாறி மின்னுகிற தண்ணீரில் இந்த நஞ்சு இல்லாமல் இருக்கலாம். தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் இருக்கலாம். ஏனென்றால் நஞ்சுள்ள பாசி நிறம் மாற்றும் அளவுக்குப் பெருக வேண்டிய அவசியமில்லை. அதற்கு முன்பே மட்டி அதை வடிகட்டிச் சேர்த்துவிடும்.

இதே தத்துவத்தை இந்தக் கடலோர மக்கள் வேறொரு பிராணியில் நன்றாக அறிந்திருந்தார்கள். அழுங்காமையின் இறைச்சி சில நேரம் ஆளைக் கொல்லும். ஒருநாள் தின்றவர் நன்றாக இருப்பார், இன்னொரு நாள் தின்ற குடும்பமே படுத்துவிடும். எதைத் தின்றுவிட்டு வந்த ஆமை என்பதைப் பொறுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எதிர்க்கரையான இலங்கையில், ஆமையை அறுத்ததும் ஈரலைக் காக்கைக்கு வீசி, காக்கை தொடாவிட்டால் இறைச்சியை விட்டுவிடும் வழக்கம் இருந்ததாக தெரணியகல போன்றவர்கள் குறித்திருக்கிறார்கள். இன்று ஆமை சட்டத்தால் காக்கப்பட்ட உயிர், அந்தச் சோதனைக்கு வேலையில்லை. ஆனால் அந்த மக்களுடைய கேள்வி சரியான கேள்வி: நாம் தின்பது எதைத் தின்றது? மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லக் காக்கையால் முடியாது. தண்ணீரையும் மட்டியையும் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தால்தான் முடியும்.

சோதனைக்கு அளவுகோல் உண்டு. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் விற்கக் கூடாது என்பது உலக வழக்கம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதே அளவைத்தான் விதித்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சிப்பி வகைகள் சோதனையைத் தாண்டித்தான் போக முடியும். பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருகிற மட்டி எந்தச் சோதனையையும் தாண்டுவதில்லை. நேரே அடுப்புக்குப் போகிறது. விலைக்கு விற்றால்தானே யாராவது பார்ப்பார்கள்? அது விலையில்லாச் சோறு. 1981-ல் நேர்ந்தது அத்தகையவர்களுக்கே.

வேலைக்காலம் முழுவதும் பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பதிவேட்டில் கலம் இல்லாத சங்கதி, அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்காத சங்கதி. 85 பேர் ஒரே சமயத்தில் மருத்துவமனைக்கு வந்ததால் 1981 நமக்குத் தெரிகிறது. ஒரு குடிசையில் ஒரே ஒரு ஆள் இரவில் மூச்சுத் திணறி இறந்தால், "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டு எழுத யார் இருக்கிறார்கள்? வாந்தி என்றோ மாரடைப்பு என்றோ போய்விடும்.

பிரான்சு நாட்டுக்காரர்கள் இதில் பாடம் கற்றது அவ்வளவு பழைய கதை இல்லை. 1983-84 வாக்கில் அவர்கள் கரையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இன்னொரு பாசி நஞ்சு பலரை வாட்டியது. உடனே 1984-ல் இஃப்ரெமர் என்ற கடல் ஆராய்ச்சி நிறுவனம் கரை நெடுகக் கண்காணிப்பு நிலையங்களை ஏற்படுத்தியது. தண்ணீரை எடுத்துப் பாசியை எண்ணுகிறார்கள். சந்தேகம் வந்தால் சிப்பிச் சதையைச் சோதிக்கிறார்கள். அளவு மீறினால் மாவட்ட ஆட்சியர் தடை போடுகிறார். அந்தத் தடை வியாபாரிக்கு மட்டும் இல்லை. விடுமுறை நாளில் குழந்தைகளோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் மட்டி பொறுக்குகிறவருக்கும் சேர்த்துத்தான். 'எர்' மாதக் கணக்கை அவர்களே பழமொழியாக மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள், அவர்கள் 1984-ல் தொடங்கிய வேலையின் முதல் பாதியை மண்டபத்தில் 1950-களிலேயே செய்திருக்கிறார்கள். தண்ணீரை அரித்து எண்ணத் தெரியாமல் நாம் பின்தங்கவில்லை. இன்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பாசிப் பெருக்கத்தைப் பற்றிச் செய்தியும் வெளியிடுகிறது. அந்த எண்ணிக்கை கடற்கரை வரை நடந்து வரவேண்டும் என்பதே என் ஆசை. மீனவர் கூட்டுறவுச் சங்க வாசலில் ஒரு பலகை, பள்ளிவாசலிலும் மாதா கோவிலிலும் ஒரு அறிவிப்பு, புயல் எச்சரிக்கைக்குக் கொடி ஏற்றுவதுபோல ஒரு அடையாளம். "இந்த வாரம் மட்டி எடுக்க வேண்டாம்" என்ற ஒரே வரி போதும். பெரிய செலவில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. கடல் நிறம் மாறியிருந்தால், மீன் செத்து ஒதுங்கினால், அந்தப் பகுதியில் மட்டி, சிப்பி எடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்திவிட வேண்டும். பூங்கோரை வேறு, இந்த நஞ்சு வேறு என்று தெரிந்தாலும், கூடவே என்ன வளர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சட்டியில் கறுக்கிறதா, பூனை தின்கிறதா என்ற சோதனைகளை நம்பக் கூடாது. தெரியாத இடத்து மட்டியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால், பிறகு விரல் நுனிகள் மரத்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முடிந்தால் மீதி மட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் முடங்குவதால்தான் உயிர் போகிறது. அந்த நேரம் செயற்கை சுவாசக் கருவியில் வைத்துவிட்டால், உடம்பே நஞ்சைக் கழித்துவிடும். ஒரு நாள் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுசாக எழுந்து நடக்கிறார்கள்.

ஜான் கார்ட்டருக்கு அந்த வசதி இல்லை. மண்டபத்திலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்று சாலையும் வண்டியும் இருக்கின்றன. நேரத்தோடு புறப்பட வேண்டும், அவ்வளவுதான்.